வெள்ளிக்கு மேல் தங்கம்

ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கினாள். உள்ளே இருந்த குண்டு கடகடவென்று உருண்டது. அழுத்தினாள். தங்கப் பெயிண்ட் புஸ்ஸென்று சீறி, பாதி உருண்டையின் மேலும் மீதி அவள் மூக்கிலுமாகப் போய் ஏறியது.

கருமம். என்ன நாற்றம்!

இதுவரைக்கும் எத்தனையோ தடவை மூக்கைச் சிந்தியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் சளி தங்கமாகத்தான் வந்தது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

துணி துவைக்கிற இடத்தில் பழைய பேப்பரை விரித்து, கொடிக்கயிற்றில் உருண்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்டுகிற உருண்டைகள். மரத்தில் கடைந்தவை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்கு இதுதான் முதல் கிறிஸ்துமஸ்.

பெட்டியைத் திறந்தபோது எல்லாமே வெள்ளி நிறத்தில் இளித்தன. ஒவ்வொன்றிலும் அவள் கணவனின் பெயர். கீழே ஒரு சின்ன இதயம். அதற்கும் கீழே அவனுடைய முதல் மனைவியின் பெயர்.

யாரோ கடித்து வைத்த பழத்தை வாயில் திணித்த மாதிரி இருந்தது அவளுக்கு. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாமே என்று சொல்லிப் பார்த்தாள். அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நல்ல மரமாம். மறுநாளே தங்க நிற ஸ்ப்ரே டப்பாவோடு வந்து நின்றான்.

“நீ அடிச்சு மட்டும் வை. காஞ்சதும் நம்ம ரெண்டு பேர் பேரையும் நானே எழுதறேன். பழசையெல்லாம் சுரண்டிக்கிட்டு இருக்காத, மேலயே அடி.”

பழைய பூச்சைத் தேய்த்து எடுத்த பிறகுதான் அடிக்க வேண்டும் என்று டப்பாவின் முதுகில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. புருஷனே சொல்லிவிட்டான், டப்பா சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன?

அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. சக்களத்தியின் பெயர் கண்ணெதிரே மூழ்கிப் போவதைப் பார்க்கலாமே.

அந்தப் பெண் பிரிந்து போய் வருஷங்களாகிவிட்டன. தன் வாழ்க்கையில் நடந்த ஒரே தப்பு அவள்தான், அதற்கு முன்னும் பின்னும் யாரும் கிடையாது என்று கல்யாணப் பேச்சின்போதே அவனே தன் வாயால் சொன்னான். ஒளிக்காமல் சொல்கிற மனுஷன் என்று அந்த ஒரு பேச்சில்தான் இவள் விழுந்தாள். அதை நம்பித்தான் கட்டிக்கொண்டாள்.

கடைசி உருண்டைக்கு வந்தாள். வெள்ளிப் பூச்சுக்குள் ஒட்டிக் காய்ந்துபோய் ஒரு நீள முடி கிடந்தது.

அடச்சீ!

உடம்பெல்லாம் கூசியது. இவள் படுக்கிற கட்டிலில் படுத்து, இவள் நிற்கிற கண்ணாடி முன்னால் நின்று தலை சீவியவளின் முடி. விரலால் தொட மனசு வரவில்லை. கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அதன் மேல் தங்கத்தை அடி அடியென்று அடித்தாள்.

அங்கேதான் வந்தது வினை. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் மட்டும் பாலாடை மாதிரி சுருங்கிக் கொப்பளித்து எழும்பியது. உள்ளே அடங்கியிருந்த முடி வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு விரலால் முடியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். தங்கமும் வெள்ளியும் ஒரே தோலாக உரிந்து முடியோடு கையில் வந்தன.

அடியில் நீலம்.

நீலத்தின் மேல் அவள் கணவனின் பெயர். அதே சாய்வு, கடைசி எழுத்தில் அதே சுழிப்பு. அதே சின்ன இதயம். அதற்குக் கீழே ஒரு பெண்ணின் பெயர்.

முதல் மனைவியின் பெயர் இல்லை. அவன் அம்மா பெயரும் இல்லை, தங்கச்சி பெயரும் இல்லை. இந்த வீட்டில் ஒரு தடவைகூட யாரும் சொல்லிக் கேட்டிராத பெயர்.

நகத்தை வைத்து நீலத்தையும் லேசாகச் சுரண்டிப் பார்த்தாள். அதற்கு அடியில் சிவப்பு. சிவப்பிலும் ஒரு இதயத்தின் ஓரம் எட்டிப் பார்த்தது. அதற்கு மேல் சுரண்ட அவளுக்குத் தெம்பு இல்லை.

அட பாவி. ஒரே தப்பாம்!

பிய்ந்த தோல் இன்னும் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் அந்த முடி. இப்போது அதைப் பார்க்க அவ்வளவு அசிங்கமாக இல்லை. பாவம், அவளும் இதே இடத்தில்தானே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருப்பாள். அவளுக்கும் வெள்ளி டப்பாவை இவன்தானே வாங்கிக் கொடுத்திருப்பான். சுரண்டாதே, மேலயே அடி என்று அவளிடமும் இதே வாயால்தானே சொல்லியிருப்பான்.

காலையில் வேலை ஆரம்பிக்கும்போது, அவன் செல்லமாகத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போன தோள் ஞாபகம் வந்தது. அந்த இடத்தைக் கையால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். துடைத்த இடமெல்லாம் தங்கமானது.

உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பெயர் எழுதுகிற பிரஷ்ஷைக் கழுவுகிறான். கூடவே ஒரு விசில் வேறு.

“என்னம்மா, காஞ்சிடுச்சா? பேர் எழுத வரட்டா?”

“இருங்க,” என்றாள். “இன்னும் கொஞ்சம் சுரண்ட வேண்டியிருக்கு.”

விசில் நின்றது.

உருண்டையை இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கீழே இருந்த பெண்ணின் பெயரை அவள் தொடவில்லை. மேலே இருந்த அவன் பெயரில் நகத்தை வைத்து அழுத்தினாள்.