ஒரே ஒரு சிவப்பு

“மறுபடியும் சிவப்பு. கலை, என் லேப்டாப்ல நீ கை வெச்சியா?”

“நான் சாமை புடைச்சிக்கினு இருக்குறேன். என்னை ஏன் இழுக்கறீங்க?” என்றாள் கலைவாணி, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மணிவேல் கறுப்புத் திரையை முறைத்தான். அவனே எழுதிய டூல் அது. ஒரு கட்டளை தட்டினால் போதும்; புரோகிராம் ஃபோல்டர்கள் அத்தனையையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, மாறாததைப் பச்சையிலும் மாறியதைச் சிவப்பிலும் காட்டிவிடும். சாயங்காலம் பெங்களூர் கம்பெனிக்கு வீடியோ காலில் செய்துகாட்ட வேண்டும். பிடித்துப்போனால் ஜவ்வாது மலையிலிருந்தே வேலை. இல்லையென்றால் மனைவியை இங்கே விட்டுவிட்டுப் பெங்களூர் பஸ் ஏற வேண்டியதுதான்.

“நான் எதையும் மாத்தல. ஆனா ஒரு ஃபோல்டர் மட்டும் மாறியிருக்குதுன்னு சொல்லுது. டூல்லதான் எங்கியோ தப்பு.”

“அந்த ஃபோல்டரைத் தொறந்து பாத்தீங்களா?”

“அதுல இன்னா இருக்கப்போவுது? இதெல்லாம் உனக்குப் புரியாது.”

எழுதின மகராசனுக்குத் தெரியாததா! காலையிலிருந்து தான் எழுதியதையே வரிவரியாகக் குடைந்துகொண்டிருந்தான். களி ஆறிப்போனது. சிவப்பு மட்டும் அசையவில்லை.

“நேத்து செங்கத்துக்குக் கூட வாங்கன்னேன், டூல்னீங்க. போய்ட்டு வந்து ஒண்ணு சொல்லணும்னேன், அப்பவும் டூல்னீங்க.”

“வீடியோ கால் முடியட்டும் கலை. பொழுதன்னைக்கும் உக்காந்து கேக்கறேன்.”

நேரம் நெருங்க நெருங்க அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

“பேசாம அந்த ஃபோல்டரையே அழிச்சிட்றேன். பச்சையாய்டும்.”

முறம் நழுவிச் சாமை வீடெங்கும் சிதறியது. “அழிக்காதீங்க. எனக்காக ஒருவாட்டி தொறந்து பாருங்க.”

சலித்துக்கொண்டே திறந்தான். அதன்பிறகு அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் குனிந்து சாமையை அள்ளப் போக, ஓடிப்போய்த் தடுத்துத் தானே அள்ள ஆரம்பித்தான். அதற்குள் பெங்களூரிலிருந்து வீடியோ கால் வந்துவிட்டது.

எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுக் கம்பெனி அதிகாரி சொன்னார்: “டூல் பிரமாதம் மணிவேல். நாங்க எடுத்துக்கறோம், நீங்க ஊர்லேருந்தே வேலை பாருங்க. ஒண்ணு மட்டும் சிவப்பா காட்டுது பாருங்க, அந்தத் தப்பை மட்டும் சரி பண்ணிடுங்க.”

“அது தப்பில்லைங்க சார்,” என்றான் மணிவேல், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இந்தத் திரையைத் தவிர நான் வேற எதையும் பாக்கறதில்லன்னு, நேத்து செங்கத்துல எடுத்த எங்க கொழந்தையோட மொத ஸ்கேன் படத்தை என் சம்சாரம் அங்க வெச்சிருக்காங்க.”