எட்டேகால் வண்டி

அவள் பெட்டிக்குள் ஏறப் போனாள். கால் வைக்க இடமில்லை.

வாசல் முழுக்க மணல் மூட்டைகள்.

எட்டிப் பார்த்தாள். உள்ளே நடைவழி வெறிச்சென்று கிடந்தது.

புறநகர்த் தடத்துக்கென்று நகரம் வாங்கியிருக்கும் புது மின்சார ரயில். இன்னும் ஒருவர்கூட அதில் பயணம் செய்யவில்லை. இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பயணிகளுக்குப் பதிலாக மணலை ஏற்றி, பாரத்தில் பெட்டி எவ்வளவு தாழ்கிறது என்று பணிமனையிலேயே அளக்க வேண்டும்.

பயிற்சிப் பொறியாளரான அவள் தனியாகச் செய்யும் முதல் சோதனை.

நான்கு மணிக்குள் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் வியாழக்கிழமை வண்டி ஓடும். அவளுடைய வேலை நிரந்தரமாவதும் அந்தக் கையெழுத்தைப் பொறுத்ததுதான் என்று மேலதிகாரி முகுந்தன் சார் காலையில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

வரைபடத்தை விரித்துப் பார்த்தாள். மூட்டைகள் தரை முழுவதும் சீராகப் பரவியிருக்க வேண்டும்.

தவறு அவளுடையதுதான். ஏற்றும் பெண்களிடம் வரைபடத்தைக் காட்டவில்லை. "ரெண்டு மூட்டை ஒரு ஆளுன்னு வெச்சுக்குங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"பவுனக்கா, ஏன் எல்லாத்தையும் வாசல்லயே போட்டீங்க?"

பவுனு தலைச்சும்மாட்டை எடுத்து உதறினாள். ஏற்றும் பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. தினமும் கூடுவாஞ்சேரியிலிருந்து எட்டேகால் வண்டியில் வேலைக்கு வருபவள்.

"நீதானம்மா ஆளுன்னு சொன்ன? ஆளுங்க உள்ள போயா நிப்பாங்க? அடுத்த ஸ்டேஷன்ல எறங்க வேணாமா?"

"சரி, இந்தப் பக்க வாசல்ல மட்டும் ஏன்?"

"பிளாட்பாரம் ஒரு பக்கந்தான வரும்?"

இன்னொருத்தி ஜன்னல் வழியே கை நீட்டி, முதியோர் இருக்கையில் சாய்ந்திருந்த இரண்டு மூட்டைகளைக் காட்டினாள்.

"அவுரு காலேஜுக்குப் போறவரு மேடம். தூங்குற மாதிரி நடிக்கிறாரு. எழுப்பாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. மணியைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

மூன்றரை.

பிரித்து அடுக்க அரை மணி நேரம் போதும். சொல்ல வாயெடுத்தாள்.

சொல்லவில்லை. அளவுகோலை எடுத்துக்கொண்டு சரளைக் கல்லில் மண்டியிட்டாள். சும்மா, என்னதான் காட்டுகிறது என்று பார்க்கத்தான்.

தண்டவாளத்திலிருந்து வாசல் விளிம்பு வரை. அனுமதித்த அளவைவிட மூன்று மில்லிமீட்டர் கீழே.

மறுபடி அளந்தாள். மூன்று.

தன் கண்ணில்தான் கோளாறோ? பணிமனைக் கிடங்கில் வேறொரு அளவுகோலைக் கேட்டு வாங்கிவந்தாள். மூன்று.

மூட்டைகளில் மணல் கூடிவிட்டதோ? ஒன்றை இறக்கித் தராசில் வைத்தாள். முப்பது கிலோ. இன்னொன்று. முப்பது.

மறுபடியும் வரைபடத்தைப் பார்த்தாள். அதில் தப்பில்லை. அதில் இருப்பவர்கள் யாரும் எங்கும் இறங்க வேண்டியவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

"அக்கா, எட்டேகால் வண்டியில இவ்வளவு பேருதான் நிப்பாங்களா?"

பவுனு வாசலை ஒரு பார்வை பார்த்தாள்.

"இது ஞாயித்துக்கெழமை கூட்டம்மா."

"மத்த நாள்ல?"

பவுனு சும்மாட்டைக் கீழே போட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு மூட்டைகளை முழங்கையால் இடித்து நகர்த்தி ஏறினாள். "ஏறுங்கடி!"

மற்ற ஒன்பது பெண்களும் ஏறினார்கள். ஒருத்தி கம்பியைப் பிடித்தாள். இன்னொருத்தி கம்பி பிடித்தவளின் தோளைப் பிடித்தாள்.

"கொஞ்சம் உள்ள போங்களேன்!"

"எங்க போறது? இவுரு நகர மாட்டேங்குறாரு."

"பைய கீழ வைம்மா, மூஞ்சில இடிக்குது!"

யாரிடமும் பை இல்லை.

அவள் மட்டும் கீழே மண்டியிட்டிருந்தாள். நான்கு மில்லிமீட்டர். கடைசியாக ஏறியவள் ஒற்றைக் காலை உள்ளே நுழைத்தபோது ஐந்து.

படிவத்தில் அளவுக்கென்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அதில் 'ஐந்து மி.மீ. கீழே' என்று பேனாவால் எழுதினாள்.

கைபேசி அடித்தது. முகுந்தன் சார்.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

அவள் வாசலை நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்ல சார். இன்னும் ஆளுங்க ஏறிட்டிருக்காங்க."