கூப்பிடும் பட்டன்

பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றை, கையில் பிடித்து ஆடும் சின்னக் கருவிக்கு மாற்றிக்கொண்டிருந்தோம், நானும் என் வீட்டுக்காரர் இளஞ்செழியனும். அதில் ஓர் ஆள் வீடு வீடாகப் போவான். கீபோர்டில் அவனுடைய ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எழுத்து உண்டு. கருவியில் மொத்தமே எட்டுப் பட்டன்தான். எதையாவது வெட்டித்தான் ஆகவேண்டும்.

வாசலில் நின்று கூப்பிட ஒரு எழுத்து இருந்தது. உள்ளிருந்து பதில் வந்தால்தான் அவன் நுழைவான். வராவிட்டால் திரும்பிவிடுவான்.

"கூப்புடறதுக்குன்னு தனியா ஒரு பட்டன் எதுக்குங்க? நேரா கதவத் தெறந்துக்கிட்டுப் போகட்டும்," என்று சொன்னது நான்தான். அவர் அதை எடுத்துவிட்டார்.

மத்தியானம் கரண்ட் போனது. எங்கள் ஊரான இளம்பிள்ளையில் தெருவின் விசைத்தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. கருவியில் சார்ஜ் இருந்ததால் அவர் ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஊட்ட நீயா வரஞ்ச?"

திரையில் பச்சைத் தகரக் கதவு. அதன் மேல் ஒரு கண் அழிந்த திருஷ்டிப் படம்.

"இல்லீங்க. இது நம்ம ஊடுங்க."

அவர் கருவியைக் கட்டிலில் வைத்துவிட்டார். பட்டனை யாரும் தொடவில்லை. திரையில் அந்த ஆள் தானாகக் கதவை நோக்கி நடந்தான்.

எங்கள் தெருவில், தறிச் சத்தத்தை மீறி "ஊட்டுல யாருங்க" என்று கத்தாமல் எவரும் உள்ளே வருவதில்லை. இப்போது தறிச் சத்தமே இல்லை. நாங்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம். பதில் வராவிட்டால் அவன் திரும்பிவிடுவான்.

ஆனால் அவன் இப்போது கூப்பிடுவதில்லை.

எங்கள் கதவில் உள்பக்கம் போட்டிருந்த தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்தது.