அஞ்சுகம் எடுத்த சீட்டு

"சீட்டு எடுக்கிறது நான், பேர் வாங்குறது அவரா?" என்று ஜோசியரின் கிளி அஞ்சுகம் கூண்டுக்குள் பொருமியது. "பலிச்சா அவர் வாக்கு. பலிக்கலைன்னா கிளி சரியில்லையாம்!"

எதிர் மரத்தடியில் போட்டி ஜோசியர் கடை விரித்திருந்தார். அவருடைய கிளி பவளம் கூப்பிட்டது. "இங்கே வந்துடுக்கா. சீட்டுக்கு ரெண்டு நெல்."

"பழி யார் தலையில?"

"அது இங்கேயும் நம்ம தலையிலதான்."

"த்தூ! இருந்தாலும் ரெண்டு நெல்லாச்சே. கதவு திறக்கட்டும், வந்துடறேன்."

அப்போது ஒருவர் வந்து, வேலை மாறலாமா என்று கேட்டார். கூண்டு திறந்தது. அஞ்சுகம் தனக்காகவே ஒரு சீட்டை உருவியது.

"இடமாற்றம் உறுதி!" என்று வாசித்த ஜோசியர், வழக்கமான ஒற்றை நெல்லை நீட்டினார்.

"மானங்கெட்ட பிழைப்பு!" என்று திட்டிக்கொண்டே அதைக் கொத்திய அஞ்சுகம், விறுவிறுவென்று நடந்து தன் கூண்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்தது.