முதல் கிளாஸ்

தொண்ணூற்றொன்றில், மோர்டன் வீட்டுக் குசினியில், பழைய பிரிட்ஜின் கதவைத் துளைத்து பியர்க் குழாய் பொருத்திய மறுநாள் அம்பலவாணன் இறந்துபோனார். வீட்டிலேயே புளிக்கவைத்த பியர் பீப்பாயோடு கராஜில் கிடந்தது. "முதல் கிளாஸ் உமக்குத்தான்" என்று மனைவி பாலாம்பிகையிடம் சொல்லியிருந்தார்.

முப்பத்தோராம் நாள், குசினியில் அவர் படத்துக்கு முன்னால் பிடித்ததெல்லாம் படைத்தார்கள்.

"பீப்பாய் இன்னும் குழாயில பூட்டேல்லை அக்கா" என்றான் பாலாம்பிகையின் தம்பி.

"வெறுங் கிளாஸை வை."

வழக்கப்படி, இறந்தவர் வந்து சாப்பிடட்டும் என்று குசினிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருந்தார்கள்.

திறந்தபோது சோறும் கறியும் வைத்தபடியே இருந்தன. கிளாஸ் நிறைந்திருந்தது, நுரை அடங்கவில்லை. பிரிட்ஜ் வெறுமையாக இருந்தது. அதன் வயர்கூடச் செருகப்படவில்லை.

பாலாம்பிகை கிளாஸை எடுத்தாள். விரல் விறைக்கும் குளிர். வாழ்நாளில் குடித்தறியாதவள் பாதியைக் குடித்தாள். மீதியைப் படத்தடியில் வைத்துவிட்டு, கதவை மறுபடியும் சாத்தச் சொன்னாள்.