பதிமூன்று டிகிரி

"உண்மையைச் சொல்லு. தினமும் மூணு மணிக்கு என் ஒயின் ஃபிரிட்ஜைத் திறக்கிறது யாரு?"

வக்கீல் வீட்டுக்குள்ளும் குறுக்கு விசாரணைதான் செய்வார். எதிரே சமையல்கார அக்கா நின்றாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கக்கூட விடவில்லை மனுஷன்.

"நான் தொடல சார். எண்ணிப் பாருங்க, ஒரு பாட்டில் குறைஞ்சிருக்கா?"

"குடிச்சாதான் குத்தமா? மூணு மணியானா பதிமூணு டிகிரி பதினெட்டுக்கு ஏறுது. ஃபிரிட்ஜோட இணைச்சு வெச்சிருக்கிற என் போன் ஆபீஸ்ல கத்துது! சமையலறை ஃபிரிட்ஜ்ல வெச்சா ஒயின் வெறைச்சுப் போகும், வெளியில வெச்சா வெந்து போகும். பதிமூணுதான் கணக்கு. இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்குன்னு பொத்திப் பொத்தி வெச்சிருக்கேன், நாசம் பண்றியே!"

"என்னங்க, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க..." என்று மனைவி குறுக்கே வந்தாள்.

"நீ அவளுக்கு வக்காலத்து வாங்காத! ஆறு மாசமா உனக்கு இதே வேலை. எப்பப் பாரு ஏதாவது ஒரு புலம்பல்."

அக்காவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது கோபம். கரண்டியை மேடைமேல் டங்கென்று போட்டாள்.

"பழி போட்ட வீட்ல இனி ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன். நீங்க பாட்டிலைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருங்க சார், நல்லா இருப்பீங்க!"

"அக்கா, நில்லுங்க!" என்று மனைவி வாசல்வரை ஓடினாள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"சனியன் ஒழிஞ்சுது," என்றார் வக்கீல். அந்த வாய்க்கு மட்டும் பூட்டே கிடையாது.

மறுநாள் மூன்று மணி. போன் கத்தியது. பதினாறு, பதினேழு, பதினெட்டு!

"கள்ளச் சாவி போட்டு வர்றாளா? இன்னைக்குக் கையும் களவுமா பிடிக்கிறேன்!"

ஆபீஸ் இரண்டு தெரு தள்ளித்தான். பேசிக்கொண்டிருந்த கட்சிக்காரரை அப்படியே விட்டுவிட்டு, கறுப்புக் கோட்டோடு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"மாட்டினியா!" என்று கத்திக்கொண்டே கதவைத் தள்ளினார்.

ஒயின் ஃபிரிட்ஜ் ஆவென்று திறந்து கிடந்தது. அதன் முன்னால் தரையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்து, முதுகெல்லாம் வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கல்யாண நாள் பாட்டிலைக் கன்னத்தோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

"பாட்டில் அஞ்சு டிகிரி ஏறினதும் பறந்து வந்துட்டீங்க," என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "தீட்டு நிக்கிற வயசு, திடீர் திடீர்னு உடம்பு தீயா எரியுதுன்னு ஆறு மாசமா சொல்றேன், காதுல வாங்கினது அந்தக்கா ஒருத்திதான். எனக்கும் சமையலறை ஃபிரிட்ஜ் வெறைக்குது, வெளியில வேகுது, பதிமூணுதான் கணக்கு. போய் அவங்க கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வாங்க, அதுவரைக்கும் இந்தக் கதவை மூட மாட்டேன்!"