வேலுத்தாயின் புகார்

பிரிக்காத குப்பையை வாங்க மாட்டோம் என்று காலையில் குப்பை வண்டிக்காரர்கள் திருப்பிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற வழியில், ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, ஸ்கூட்டரில் தொங்கிய பையை ஒரு வயலோரம் வீசினான் ஜோயல்.

"ஏ தம்பி, நில்லுய்யா!"

வரப்பிலிருந்து ஓடி வந்தாள் வேலுத்தாய். "போன வாரந்தான் இந்தப் பிளாஸ்டிக்கைத் தின்னு வயிறு ஊதி என் சினையாடு செத்துச்சு. படிச்சவுக மாதிரி இருக்கிய, இப்பிடிச் செய்யலாமா?"

ஜோயலின் முகம் செத்துப்போனது. "தப்புத்தான்க்கா. யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்று பையை எடுத்துக்கொண்டான்.

அவளுக்கு மனம் இளகிவிட்டது. "மாவட்டக் குப்பைத் திட்டத்தை மாத்தி எழுத இன்னைக்குக் கூட்டம் போடுறாவ. பெரிய அதிகாரி வாராராம். இங்கன கொட்டுற அம்புட்டுப் பேரையும் சொல்லப் போறேன். உங்களை மட்டும் சொல்ல மாட்டேன், சத்தியம்."

கூட்டத்தில் மைக் கைக்கு வந்ததும் எழுந்த வேலுத்தாய், மேடையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"சொல்லும்மா" என்றார் கவுன்சிலர். "திட்டம் எழுதுற அதிகாரியே உக்காந்திருக்காருல்ல? ஜோயல் சார், செத்த கேளுங்க."

ஜோயல் தலை நிமிரவில்லை.

"சொல்லத்தான்யா வந்தேன்" என்றாள் வேலுத்தாய். "ஒருத்தரை விட்டுட்டு மத்தவுகளை மட்டும் எப்பிடிச் சொல்ல? அவரைச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன்."